வாடகையும் பற்றுச்சீட்டும்

பழைய கடதாசிகளைப் பிரித்து அடுக்குவது ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு வாய்த்த தொழில்களுள் ஒன்று. சென்ற மாதம் அத்தொழிலில் ஈடுபட்டிருந்தபோது, துருப்பிடித்த குண்டூசியொன்றினாற் கோக்கப்பட்ட பதினொரு சிறு பற்றுச்சீட்டுக்கள் கையில் அகப்பட்டன. எல்லாம் 1976ஆம், 1977ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஒவ்வொன்றும் 85 ரூபாவுக்கானது. செலுத்தியவன் நான். பணத்தைப் பெற்றவர் வீட்டுச் சொந்தக்காரர் அல்லர். மாநகர சபையே பெற்றிருந்தது.

கொழும்பில் அறையெடுத்துத் தங்கி வேலைபார்க்கும் என் பேரன் அன்று ஊருக்கு வந்திருந்தான். சீட்டுக்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் அப்பப்பா, வீட்டுக்காரரிட்டைக் குடுக்காமல் முனிசிப்பலிலை போய் வாடகை கட்டினனீங்கள்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன். நகரங்களிலே குடியிருப்போருக்கு என்ன பாதுகாப்பு வேண்டும், அதனை யார் கொடுத்தல் கூடும் என்னும் வினா இன்று உலகின் பல பாகங்களிலும் எழுந்துள்ளது. அவ்வினாவுக்கு அந்தப் பதினொரு சீட்டுக்களிலும் பாதி விடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாங்கள் அப்போது மூன்று இளம் ஆசிரியர்கள். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையின் கடைசியிலிருந்த பழைய வீடொன்றினை என் பெயரில் வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். வெற்றிலைச் சிவப்பு மாறாத வாயுடன் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் வருவார், காசை வாங்குவார், போவார். ஒரு மாதம் அவர் வரவில்லை. தேடிச்சென்று கொடுத்தபோது, "என்ன அவசரம் மாஸ்டர், அடுத்த மாதம் சேர்த்து வாங்கிறன்" என்றார். எங்களுக்கோ பெருமகிழ்ச்சி. அடுத்த மாதமும் அவ்வாறே சொன்னார். பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். சட்டத்தரணி ஒருவரின் கந்தோரில் நெடுங்காலம் எழுதுவினைஞராயிருந்தவர். அவருக்கு இச்செய்தியைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"தம்பி, அவர் மறந்துபோகேல்லை. நிலுவை ஏறட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு ஒரு கடிதம் வரும், பிறகு கோட்டுக்குப் போவார். காசு உங்கடை பெட்டிக்குள்ளை பத்திரமாய் இருந்தென்ன? துண்டு இல்லாட்டில் காசும் இல்லை."

மறுநாள் அரைநாள் விடுப்பெடுத்து அவருடன் நகர மண்டபத்துக்குப் போனேன். அங்கே ஒரு சிறிய சாளரத்தின் முன் நின்று இரண்டு மாத வாடகையையும் கட்டினேன். அன்று தொடங்கிய வழக்கத்தின் எச்சமே இச்சீட்டுக்கள்.

அதற்கு இடங்கொடுத்தது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், குடியிருப்பவர் அதனை அதிகாரம்பெற்ற ஒருவரிடம் செலுத்தலாம். அப்பணம் சொந்தக்காரரின் கையிற் கொடுத்ததாகவே கொள்ளப்படும். சபை அதனைப் பின்னர் அவரிடம் சேர்ப்பிக்கும். வாடகை நிலுவை என்பதே குடியெழுப்புவதற்கு எளிதான காரணமாதலின், வாங்க மறுத்து நிலுவையை உண்டாக்குதல் அக்காலத்திற் பலரும் கையாண்ட தந்திரம். அத்தந்திரத்தின் முதுகெலும்பை முறிப்பதற்குப் பெரிய படையொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சாளரமும், அதற்கப்பால் ஓர் இலிகிதரும், ஒரு சீட்டுப் புத்தகமும் போதியனவாயிருந்தன.

வாடகைக் கட்டுப்பாடு என்றதும் நம்மிற் பலர் விலைக்கு உச்சவரம்பு கட்டுவதையே நினைக்கின்றனர். நம் நாட்டில் அதன் வரலாறு 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துடன் தொடங்குகிறது. அது போர்க்காலத்துப் பிள்ளை. அதற்கு மூத்த தமக்கை ஒருத்தி முதலாம் உலகப்போரின்போது கிளாஸ்கோ நகரிற் பிறந்தாள். போர்த்தளபாடத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்தபோது அங்கு வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றினர். 1915இல் மேரி பார்பர் முதலிய பெண்கள் தெருத்தெருவாகத் திரண்டு ஏற்றிய வாடகையைக் கொடுக்க மறுத்தனர். அவ்வாண்டு நவம்பர் 17ஆம் நாள் தொழிலாளர் பதினெண்மர் நீதிமன்றுக்கு அழைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் நீதிமன்ற வாயிலிற் கூடினர். ஆண்டு முடியுமுன்னரே பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்திச் சட்டம் இயற்றியது. மேரி பார்பர் 1920இல் அந்நகரின் சபைக்கே தெரிவாகி உறுப்பினரானார் என்பதையும் இங்கு சொல்லவேண்டும். அடுப்படியிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து நகர சபைக்கும் அவர் சென்ற வழி, நம் மாணவர் அறிந்திருக்கவேண்டிய வழி.

நம்முடைய 1942ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதனை அடுத்து நான் மேலே சொன்ன 1972ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டின் நியம வாடகை என்னவென்று தீர்மானிப்பதற்குச் சட்டம் புதிய அளவுகோல் எதனையும் தேடவில்லை. உள்ளூராட்சி மன்றத்தின் வரி ஏட்டையே எடுத்துக்கொண்டது. ஆதனவரி விதிப்பதற்காக மன்றத்தின் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிவைத்த ஆண்டுப் பெறுமதியே வாடகைக்கு ஆதாரமாயிற்று. சோலைவரி என்று நாம் முணுமுணுத்துக்கொண்டு கட்டும் அதே வரியின் ஏடு, குடியிருப்பவனுக்குக் கேடயமாக மாறிற்று. வரி குறையவேண்டுமென்று பெறுமதியைக் குறைத்துக் காட்டிய சொந்தக்காரர்கள், வாடகையும் அதனுடனே குறைவதைக் கண்டு கையைப் பிசைந்தனர். இதிற் சிறிது நகைச்சுவை இருப்பதை மறுப்பாரில்லை.

ஆயினும் கேடயம் துருப்பிடித்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பழைய வீடுகளுக்கு 1968ஆம் ஆண்டு சனவரியில் இருந்த பெறுமதியே அடிப்படை. ரூபாவின் மதிப்பு ஆண்டுதோறும் சரிந்துகொண்டிருக்க, வாடகை மட்டும் அங்கேயே நின்றது. என் வீட்டுக்காரரைத் தந்திரக்காரர் என்று எழுதிவிட்டேன். அவர் பக்கத்தையும் சொல்லாவிடில் அநீதியாகும். பல ஆண்டுகளின் பின் அவரை ஒரு கலியாண வீட்டிற் சந்தித்தேன். கோபமேதுமின்றிப் பேசினார். அவர் ஓய்வூதியக்காரர். அவருக்கு இருந்தது அந்த ஒரு வீடே. அதன் கூரையை மாற்றுவதற்கு எங்கள் இரண்டாண்டு வாடகையும் போதாது. "மாஸ்டர், நீங்கள் முனிசிப்பலிலை கட்டின காசை எடுக்கிறதுக்கு நான் பஸ்சுக்குக் கொடுத்த காசைக் கணக்குப் பார்த்தனீங்களே?" என்றார். நான் விடை சொல்லவில்லை. சொல்லவும் இருக்கவில்லை.

விலையை ஓரிடத்திற் கட்டிவைத்து அப்பால் திரும்பிப் பாராத சட்டம் இருதிறத்தாரையும் கெடுத்தது. சொந்தக்காரர் வீட்டைத் திருத்துவதைக் கைவிட்டனர். வாடகை குறைவாயிருந்த வீட்டிற்குள் நுழைவதற்குத் திறப்புக்காசு என்னும் பெயரில் மறைமுகமாகப் பெருந்தொகை கைமாறிற்று. குடியிருந்தவன் வீட்டை விடவில்லை. வெளியே நின்றவனுக்கு வீடு கிடைக்கவில்லை. பின்னர் வந்த திருத்தங்களினாற் புதிதாகக் கட்டி வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பெரும்பாலும் அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாற் போயின. கேடயம் பழைய வீடுகள் சிலவற்றின் சுவரில் மாத்திரம் தொங்கிற்று. சாளரத்தின் பயனும் அவற்றுடனே சுருங்கிற்று.

சட்டத்தின் சாய்வு இன்று மறுபக்கமாயிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தைக் காலம் முடிந்தபின் சொந்தக்காரர் விரைவாக மீட்டுக்கொள்வதற்கென்றே இயற்றப்பட்டது. அதனை நான் முற்றாகக் குறைகூறமாட்டேன். வழக்குகள் இருபது, முப்பது ஆண்டுகள் இழுபட்டால் எவன்தான் வீட்டை வாடகைக்குக் கொடுப்பான்? ஆனால் ஒருவருக்கு விரைவான வழியைத் திறந்துவிட்டு மற்றவருக்கு இருந்த சிறு சாளரத்தையும் மறந்துவிடுதல் நடுவுநிலைமையாகாது.

இனி, வெளியூர்ச் செய்தி இரண்டு. அவற்றுள் ஒன்று எச்சரிக்கை, மற்றையது படிப்பினை.

எச்சரிக்கை பேர்லின் நகரத்திலிருந்து வருகிறது. அந்நகரத்து மக்களிற் பெரும்பான்மையோர் வாடகை வீட்டிலேயே வாழ்பவர். வாடகை ஏறுவதைக் கண்ட நகர ஆட்சி, 2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தி, ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் வீடுகளின் வாடகையை 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இருந்த அளவில் நிறுத்தியது. மக்கள் பெருமூச்சு விட்டனர். பதினான்கு மாதங்களின் பின், 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், கூட்டாட்சியின் அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று அறிவித்தது. வாடகை பற்றி நாட்டின் பாராளுமன்றம் முன்னரே சட்டம் செய்திருப்பதால் அவ்விடயத்திற் கைவைக்கப் பேர்லினுக்கு அதிகாரமில்லை என்பதே காரணம். குறைந்த வாடகை செலுத்திவந்தோர் பலர் எஞ்சிய தொகையைத் திரும்பக் கட்டவேண்டியவராயினர். அதற்கென நகர ஆட்சி வட்டியில்லாக் கடன் கொடுக்கும் நிலை ஏற்பட்டது. பேர்லின் வெறும் நகரமன்று, ஒரு மாநிலத்தின் உரிமைகள் யாவும் பெற்றது. அதற்கே இக்கதியென்றால், உபவிதிகள் செய்யும் அதிகாரம் மாத்திரமுள்ள நம் நகர சபைகள் வாடகைக்கு விலை குறிக்கப் புறப்படுவது வீண் வேலை.

படிப்பினையோ நியூயோர்க்கினது. அங்கே வீட்டு வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் உண்டு. சொந்தக்காரர்களிற் பெரும்பாலோர் சட்டத்தரணியுடன் வருவர். குடியிருப்போரோ 2013ஆம் ஆண்டிலே நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிலேயே சட்டத்தரணியைக் கொண்டிருந்தனர். வழக்கு நீதிபதியின் முன் செல்லுமுன்னரே, நீதிமன்ற நடைபாதையில் நின்றபடி எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீட்டும் உடன்படிக்கையில் அவர்கள் ஒப்பமிட்டுவிடுவார்கள். தாம் என்னத்துக்கு ஒப்பமிட்டோம் என்பது பலருக்குப் பின்னரே தெரியவரும். சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருந்த உரிமைகள் குறைந்தனவல்ல. அவற்றைப் படித்துச் சொல்வதற்கு அருகில் ஒருவர் இல்லை என்பதே குறை.

அந்நகர சபை 2017இல் ஒரு விதி செய்தது. வறியவரான குடியிருப்பாளர் வீட்டு வழக்கில் நிற்கும்போது நகரத்தின் செலவிற் சட்டத்தரணி ஒருவர் அவருக்காகத் தோன்றவேண்டும் என்பது அவ்விதி. நகரம் முழுவதற்கும் ஒரேயடியாக அதனை விரிக்காமல், தபாற் பகுதி தபாற் பகுதியாக விரித்தனர்; 2021இல் நகரம் முழுவதும் அடங்கிற்று. அவ்வாறு சட்டத்தரணி கிடைத்த குடும்பங்களில் நூற்றுக்கு 84 தத்தம் வீட்டிலேயே தங்கின என்று நகரத்தின் அறிக்கை கூறிற்று. வாடகையின் அளவைப் பற்றி அவ்விதி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சான் பிரான்சிஸ்கோ, நியூவார்க், கிளீவ்லாந்து, பிலடெல்பியா முதலிய நகரங்களும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவ்வழியே சென்றன. நியூயோர்க்கில் எல்லாம் இனிதே முடிந்தது என்று நான் சொல்லவில்லை. கொள்ளைநோய்க் காலத்துத் தடை 2022இல் நீங்கியபோது வழக்குகள் வெள்ளமாய் வந்தன, சட்டத்தரணிகள் போதவில்லை, உரிமை ஏட்டிலிருக்க, பலர் பழையபடி தனியே நின்றனர்.

எங்கள் முதியவர் என்னுடன் நகர மண்டபத்துக்கு வந்ததும் இதே வேலைதான். சட்டத்தின் ஒரு வரி அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் பட்டதாரி, அவர் எழுதுவினைஞர்.

நம் உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் 2025ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நடந்தது. என் வீட்டு வாசலுக்கு வந்த துண்டுப்பிரசுரங்களை எல்லாம் நான் படித்தேன். ஆசிரியனாயிருந்தவன் எழுத்துப்பிழை திருத்தும் ஆசையினாலேனும் படிப்பான். வீதி, விளக்கு, வடிகால், குப்பை என்பன இருந்தன. வாடகைக்குக் குடியிருப்போரைப் பற்றி எதிலும் ஒரு வரி இல்லை. அவர்களிற் பலருக்கு வாக்கு வேறோர் ஊரிலிருப்பதே அதற்குக் காரணமென்று நினைக்கிறேன். வீட்டுக்கு வரி கட்டுபவன் சொந்தக்காரன். சபையின் ஏட்டில் அவன் பெயர் இருக்கிறது. அவ்வீட்டில் இருப்பவன் பெயர் எங்குமில்லை. கொழும்பு அறை வாழ்வைப் பற்றி நம் சிறுகதாசிரியர் எத்தனையோ எழுதினர். மூட்டைப்பூச்சியும் தனிமையும் அக்கதைகளில் நிறைய உண்டு. முற்பணக் கணக்கு அரிது.

ஆகவே குடியிருப்போர் பெயரையும் சபை பதிந்துவைக்கவேண்டும் என்று சொல்ல எண்ணினேன். இவ்விடத்தில் என் பேனா சற்று நின்றது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் கொழும்பிலே விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் சில நூற்றுவரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனை நிறுத்துமாறு இடைக்கால உத்தரவிட்டது. அவர்களும் வாடகை கொடுத்து இருந்தவர்களே. அக்காலத்தில் தமிழ்க் குடியிருப்பாளன் பெயர் ஓர் ஏட்டில் ஏறுவதென்றால் அது பொலிஸ் நிலையத்து ஏடாகவே இருந்தது. அதனைக் கண்டவனிடம் போய் இன்னுமோர் ஏட்டில் பெயர் எழுது என்றால் அவன் அஞ்சாமல் என்ன செய்வான்?

அதனாற் கந்தோரில் இருக்கும் பட்டியலை நான் கேட்கவில்லை. குடியிருப்பவன் கையில் இருக்கும் கடதாசியையே கேட்கிறேன். வீடு எது, வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, எத்தனை மாத முன்னறிவித்தல் என்பவற்றை எழுதிய ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தைச் சபையே அச்சிட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், இனாமாகக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் வாங்க மறுக்கும் வாடகையைப் பெறும் சாளரத்தைப் பழைய வீடுகளுக்கு மாத்திரமன்றி எல்லா வீடுகளுக்கும் திறக்கவேண்டுமென்று சபைகள் தீர்மானம் நிறைவேற்றி அரசாங்கத்தைக் கேட்கலாம். அதற்குப் பாராளுமன்றத்தின் சட்டம் வேண்டும், கேட்பதற்கு வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் சட்டத்தரணி ஒருவர் கிழமையில் ஒரு நாள் சபைக் கட்டடத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் இருப்பதற்கு இடங்கொடுக்க எந்தச் சபைக்கும் புதிய அதிகாரம் தேவையில்லை. ஒரு மேசையும் இரண்டு கதிரையும் தேவை.

இவையெல்லாம் குடியிருப்பவன் தானே கேட்டுப் பெறக்கூடியவைதாமே, சபை எதற்கு என்று ஒரு நண்பர் என்னிடம் வாதித்தார். என் பேரனிடம் வாடகைக்குப் பற்றுச்சீட்டு உண்டா என்று நான் அன்று கேட்டேன். அவன் தொலைபேசியை எடுத்து, வங்கிமூலம் அனுப்பிய பணக் கணக்கைக் காட்டினான். பணம் சென்றிருந்தது வீட்டுக்காரரின் கணக்குக்கு அன்று. அவருடைய மைத்துனரின் கணக்குக்கு. ஓராண்டு வாடகையை முற்பணமாகக் கையிற் கொடுத்திருந்தான். அதற்கு எழுத்து ஒன்றுமில்லை.

"ஒரு துண்டு எழுதித் தரச்சொல்லிக் கேளன்" என்றேன்.

"கேட்டால் அறை போயிடும், அப்பப்பா."

அவன் சொன்னது மெய். கேட்பவனுக்கு அறை இல்லை. கேளாதவனுக்கு ஆதாரம் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே படிவம் என்று சபை சொல்லிவிட்டால் கேட்பவன் அவனல்லன், சபை. வீட்டுக்காரரும் யாரிடமும் முகம் முறியவேண்டியதில்லை. அவருடைய கூரைச் செலவையும் அப்படிவத்திலேயே ஒரு வரியாக எழுதி, ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு ஏறும் என்று முன்னரே பேசிக்கொள்ளலாம். 1976இல் அவரும் நானும் அப்படி ஒரு கடதாசியின் முன் இருந்து பேசியிருப்போமாயின், அவர் பஸ்ஸுக்கும் நான் விடுப்புக்கும் அத்தனை செலவு செய்திருக்கமாட்டோம்.

அந்தச் சாளரம் பகல் வேளையிலே மாத்திரம் திறந்திருந்தபடியால், ஒவ்வொரு மாதமும் அரைநாள் விடுப்பெடுத்தே நான் போகவேண்டியிருந்தது. சபையார் இதனை மீண்டும் தொடங்குவராயின், கிழமையில் ஒரு நாளாவது மாலை ஏழு மணிவரை திறந்துவைப்பார்களாக.